நான் ழான் இல்லை

நான்காவது நாளாகத் தட்டு தொடாமல் திரும்பி வந்தது. சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் கூழ், மூடியைக்கூடப் பிரிக்கவில்லை. தட்டின் ஓரத்தில் செருகியிருந்த சாப்பாட்டுச் சீட்டில் மட்டும் ஒரு வேலை நடந்திருந்தது. அதில் அச்சாகியிருந்த பெயரை மனிதர் பேனாவால் அடித்திருந்தார். ஆத்திரத்தில் கிறுக்கியதல்ல. பள்ளிக்கூட வாத்தியார் பிழை திருத்துவது மாதிரி, அளந்து போட்ட ஒரே கோடு.

வட பிரான்சில் அமியேன் நகரத்தில், வயதானவர்கள் தங்கும் ஓர் இல்லத்தில் நர்சுகளுக்கு உதவியாளராக வேலை பார்க்கிறேன். இந்த மாதிரி இல்லத்தை இங்கே ‘எபாட்’ என்பார்கள். ஷிப்ட் மாறும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி எழுதிவைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அந்த மனிதரைப் பற்றி மூன்று நாளாக எழுதியிருந்ததைப் படித்தேன். முதல் நாள்: ‘இனிப்பை மறுத்தார்.’ இரண்டாம் நாள்: ‘எரிச்சலாக இருக்கிறார். தான் ழான் இல்லை என்கிறார்.’ மூன்றாம் நாள்: ‘தன் பெயரை மறுக்கிறார். நினைவுக் குழப்பம்? டாக்டரிடம் சொல்லவும்.’

87 வயதுக்காரர் ஒருவர் ‘நான் ழான் இல்லை’ என்று சொன்னால் அந்தக் கட்டடத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வரும். எனக்கும் அதுதான் வந்தது. இரண்டாம் நாள் குறிப்பை எழுதியதே நான்தான்.

நான்காம் நாள் தட்டை எடுக்கப் போனபோது, ஏனென்று தெரியவில்லை, “சரி மிசியே, நீங்கள் ழான் இல்லை. அப்படியானால் யார்?” என்று கேட்டேன். நாலு நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ழான்-பாதிஸ்த். ழான் எதிர் அறையில் இருக்கிறார், மதாம். அவருக்குத்தான் சர்க்கரை வியாதி. எனக்கு இல்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை கத்தோ பத்தூ வேண்டும்.”

கத்தோ பத்தூ இந்தப் பிக்கார்தி வட்டாரத்துப் பண்டம். முட்டை மஞ்சளும் வெண்ணெயும் தாராளமாகப் போட்டு அடித்து, சமையல்காரர் தொப்பி மாதிரி உயரமாகச் சுடுகிற பஞ்சு ரொட்டி. அதை நிறுத்திவிட்டு ஒருவருக்கு ஆப்பிள் கூழைக் கொடுத்தால் யாருக்கும் குழப்பம் வரத்தான் செய்யும்.

நடந்தது இதுதான். ஒரே மாடியில் இரண்டு பேர், இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர். பிரான்சில் மர்த்தேன் என்ற குடும்பப் பெயர் நம் ஊர் முருகன் மாதிரி, திரும்பிய பக்கமெல்லாம் இருக்கும். இவர்களுடையதும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். ஒருவரின் பெயர் வெறும் ழான். மற்றவர் ழான்-பாதிஸ்த். புதிய மென்பொருளுக்கு விவரங்களை மாற்றியபோது ‘ழான்-பாதிஸ்த்’ நடுவில் உடைந்து, முதல் பெயர் ழான், இரண்டாம் பெயர் பாதிஸ்த் என்று இரண்டு கட்டங்களில் போய் உட்கார்ந்துவிட்டது. சமையலறைச் சீட்டில் முதல் கட்டம் மட்டும்தான் அச்சாகும். அங்கே பார்த்தால் ஒரே குடும்பப் பெயரோடு இரண்டு ழான். இருவருக்கும் பத்தியச் சாப்பாடு போய்விட்டது. மாத்திரைகளைப் பிறந்த தேதியும் போட்டோவும் பார்த்துத்தான் கொடுப்போம் என்பதால் நல்லவேளையாக விஷயம் இனிப்போடு நின்றது. தேதி பார்க்கும் வழக்கம் மட்டும் இல்லையென்றால் என்று நினைக்கும்போது இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

இதை நான் முதலிலேயே பிடித்திருக்க வேண்டும். புதுச்சேரியில் பிறந்தவள். பள்ளியில் பிரெஞ்சு படித்தவள். அதைவிட, பெயர் உடைந்து போவது என்றால் என்னவென்று உடம்பாலேயே தெரிந்தவள். என் பெயரும் அப்பா பெயரும் பிரெஞ்சுப் படிவங்களின் இரண்டு கட்டங்களில் இடம் மாறி உட்கார்ந்து, இந்த நாட்டுக்கு வந்த முதல் இரண்டு வருடம் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். மருத்துவமனையில் அவர் பெயரைக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். அப்படிப்பட்டவள், இன்னொருவர் ‘அது என் பெயர் இல்லை’ என்று தெளிவான பிரெஞ்சில் சொன்னபோது அதைக் குறிப்பேட்டில் நோயாக எழுதிவைத்தேன்.

அன்றைக்குச் சீட்டைத் திருத்தியதும், அவர் என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தார். ஓய்வுபெற்ற கணக்காசிரியர். பேனாக்கோடு அவ்வளவு நேராக இருந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

முதல் பாடம் உச்சரிப்பு. நான் ‘பாப்திஸ்த்’ என்று ‘ப்’ சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுத்தில் அந்த ‘ப்’ இருக்கிறது, வாயில் இல்லை. பா-திஸ்த், அவ்வளவுதான். ஞானஸ்நானத்துக்கான பிரெஞ்சுச் சொல்லிலும் அப்படித்தான், ‘பாதெம்’ என்பார்கள். முன்பாதி இன்னும் சிரமம். பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதுபவர்கள் ‘ழான்’ என்று எழுதும் பழக்கம் உண்டு, நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் நம் ‘வாழை’யில் வரும் ழ அல்ல அது. நாக்கை மடிக்கக் கூடாது. ஜ-வை உரசி இழுத்தால் வருமே, அந்த ஓசை. கடைசி ‘ன்’ வாயில் முடியாமல் மூக்கில் கரைய வேண்டும். தமிழ் எழுத்தில் இதற்குமேல் காட்ட வழியில்லை. நான் தேறுவதற்கு இரண்டு வாரம் ஆனது, அவர் மார்க் போட்டுக்கொண்டே வந்தார்.

இரண்டாவது பாடம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ழான் என்பதற்குப் பொருள் என்ன தெரியுமா என்று கேட்டார். எபிரேயத்தில் யோகனான், ‘ஆண்டவர் அருள்கூர்ந்தார்’ என்று பொருள். அது கிரேக்கத்தில் யோவான்னெஸ் ஆகி, லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சில் ‘ழெஆன்’ ஆகி, கடைசியில் தேய்ந்து ஓரசையாக ‘ழான்’ என்று நின்றுவிட்டது. அவர் சொல்லிக்கொண்டே போகிறார், எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. என் தாத்தா பெயர் அருளப்பன். ழான் என்பதன் தமிழ் வடிவமான யோவானைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அருளப்பர் என்றுதான் வெகுகாலம் அழைத்தார்கள். யாரோ ஒரு பழைய ஆள் ஒலியைக் கடன் வாங்காமல் பொருளைத் தமிழாக்கி, அதற்கு ‘அப்பர்’ என்று மரியாதையும் சேர்த்துவிட்டிருக்கிறார். இப்போதைய விவிலியத்தில் யோவான் என்றே இருப்பதால் என் தலைமுறைக்கு அருளப்பர் என்றால் தாத்தாவின் பெயர், அவ்வளவுதான். ஓரியூரில் உயிரைக் கொடுத்த ஜான் தெ பிரித்தோவை நாம் அருளானந்தர் என்று அழைப்பதிலும் இதே அருள்தான் இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட பெயர்களை ஒரு பிக்கார்திக் கிழவர் வந்து அவிழ்த்துக் காட்ட வேண்டியிருந்தது.

அவரிடம் சொன்னேன்: “எங்கள் ஊரில் உங்கள் முழுப் பெயர் ஸ்நாபக அருளப்பர்.” மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “நீளமாக இருக்கிறது. ஆனால் நடுவில் யாரும் வெட்டவில்லை” என்றார்.

வெட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. இரட்டைப் பெயர் என்றால் இரண்டு பேரைச் சேர்த்து ஒருவருக்கு வைப்பது என்று நினைத்திருந்தேன். சிலவற்றில் அது சரி. ழான்-பியேர் என்றால் அருளப்பரும் இராயப்பரும், இரண்டு புனிதர்கள். ழான்-பாதிஸ்த் அப்படியல்ல, அது ஒரே ஆள். பின்பாதி பட்டம். கிரேக்கத்தில் ‘பாப்திசேன்’ என்றால் நீரில் அமிழ்த்துவது. யோர்தான் ஆற்றில் மக்களை முழுக்காட்டியவர் என்பதால் அந்த யோவானுக்கு அந்தப் பட்டம். நற்செய்தி எழுதிய யோவான் வேறு. அவருக்குத் திருநாள் டிசம்பர் 27. முழுக்கு யோவானுக்கு ஜூன் 24. வெறும் ‘ழான்’ என்றால் எந்த யோவான் என்று கேள்வி வரும், பாதிஸ்த் சேர்ந்தால் வராது. பிரான்சுவா-சவியே என்ற பெயரும் இந்த வகைதான். ‘சவியே’ நவார் நாட்டிலிருந்த ஒரு கோட்டையின் பெயர். அங்கே பிறந்து, 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்துசேர்ந்தவரைத்தான் நாம் சவேரியார் என்கிறோம். நாம் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டோம்!

ஒரே வீட்டில் இரண்டு ழான் இருந்தால் பாதிஸ்த் எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு அவர் இரண்டு கதை சொன்னார். மொலியேர் என்று உலகம் அறிந்த நாடகக்காரர் 1622 ஜனவரி 15இல் பாரிசின் சேன்-தொஸ்தாஷ் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றபோது பதிவேட்டில் எழுதிய பெயர் வெறும் ழான். அப்பா பெயரும் ழான். பிறகு பிறந்த தம்பிக்கும் ழான் என்றே வைத்துவிட்டார்கள். மூத்தவரைப் பிரித்துச் சொல்ல ழான்-பாதிஸ்த் என்று அழைக்க ஆரம்பித்தார்கள். இன்னொருவர் 1763இல் போ நகரத்தில் பிறந்த பெர்னதோத். அவருடைய அண்ணன் நற்செய்தி யோவான் பெயரைத் தாங்கியவர். ஆகவே தம்பிக்குப் பாதிஸ்த். அந்தத் தம்பி நெப்போலியனின் தளபதியாகி, 1818இல் சுவீடனுக்கு அரசராகவே ஆனார். “அதற்கு முன்பே, 1810இல் பட்டத்து இளவரசராகத் தத்தெடுத்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? கார்ல் யோகான் என்று மாற்றிப் பாதிஸ்த்தைத் தூக்கிவிட்டார்கள்” என்று, ஏதோ தன் சொந்த அண்ணனுக்கு நடந்த அநியாயம் போல மூக்கை உறிஞ்சினார். பதிலுக்கு நானும் ஒன்று சொன்னேன்: 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை உருவாக்கிய அமைச்சர் கொல்பேர் ஒரு ழான்-பாதிஸ்த்தான். அந்தக் கம்பெனி 1674இல் எங்கள் ஊரில் குடியேறியதால்தான் நான் இன்று உங்கள் தட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் மதியம், சக்கர நாற்காலியில் அமியேன் தேவாலயத்துக்கு அவரை அழைத்துப்போனேன். நான் இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் உள்ளே சுற்றிப் பார்த்ததில்லை. 1206இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து கொண்டுவந்த, ஸ்நாபக அருளப்பருடையது என்று நம்பப்படும் தலையின் முகப்பகுதி அங்கே இருக்கிறது. ரோமிலும் டமாஸ்கசிலும்கூட அவர் தலை இருப்பதாகச் சொல்கிறார்கள். கிழவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர் என்னைத் தள்ளச் சொன்ன இடம் வேறு. பாடகர் இடத்தைச் சுற்றிய சுவரின் வடபுறத்தில், 16ஆம் நூற்றாண்டில் கல்லில் செதுக்கிய யோவான் வரலாறு, பொம்மைக் கொலு மாதிரி வரிசையாக, வண்ணம் தீட்டி இருக்கிறது. அதன் முன்னால் நிறுத்தி, லூக்கா நற்செய்தியில் வரும் பெயர் சூட்டும் கதையைச் சொன்னார். எட்டாம் நாள் குழந்தைக்குப் பெயர் வைக்க உறவெல்லாம் கூடுகிறது. அப்பா பெயரான செக்கரியாவையே வைக்கலாம் என்கிறார்கள். தாய் எலிசபெத்து, இல்லை, யோவான் என்கிறாள். ‘உன் உறவில் அந்தப் பெயர் யாருக்கும் இல்லையே’ என்று சண்டை. அப்பாவுக்கு அப்போது பேச்சு போயிருந்தது. ஒரு பலகை கேட்டு வாங்கி, ‘இவன் பெயர் யோவான்’ என்று எழுதிக் காட்டுகிறார். எழுதியதும் பேச்சு வருகிறது.

“நானும் சீட்டில் எழுதித்தான் காட்டினேன்,” என்றார் அவர். நான் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியைத் திருப்பினேன்.

இத்தனை ழான்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். பிரெஞ்சுப் புரட்சிக்கால நாள்காட்டியில் ஆண்டு 11, ஜெர்மினல் மாதம் 11ஆம் நாள், நம் கணக்கில் 1803 ஏப்ரல் 1. அன்று வந்த சட்டப்படி நாள்காட்டிகளில் உள்ள பெயர்களையும் பழைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களையும்தான் குழந்தைக்கு வைக்கலாம். நாள்காட்டி என்றால் பெரும்பாலும் புனிதர் பட்டியல். 1966இல் இந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. பெற்றோர் விரும்பிய பெயரை வைக்கும் உரிமை 1993 ஜனவரியில்தான் முழுதாக வந்தது. அதுவரை பட்டியல் சின்னது, குழந்தைகள் அதிகம். இரண்டைக் கோர்த்தால் புதிதாக ஒன்று கிடைக்கும் என்று ஆசை வராமல் இருக்குமா? இது என் ஊகம். ஆனால் எங்கள் இல்லத்தின் கதவுப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் யாருக்கும் இது தோன்றும். ழான்-குளோத், ழான்-பியேர், மரி-தெரேஸ், மரி-மத்லேன். 1930, 40களில் பிறந்தவர்கள். மரி-பிரான்ஸ், மரி-கிறிஸ்தின் என்றால் அவர்களுடைய தங்கைகள், மகள்கள். ஆன்-சோஃபி, ஆன்-லோர் என்றால் என்னோடு வேலை பார்க்கும் நர்சுகள். என் மகன் வகுப்பில் இருப்பவர்களுக்கு ஓரசை, ஈரசைப் பெயர்கள்தான், கோடு போட்ட பெயர் ஒன்றுகூட இல்லை.

மரி எங்கே நிற்கிறாள் என்பதைக் கவனிக்காமல் நான் பட்டது தனிக் கதை. போனில் ‘ழான்-மரி வருகிறார்’ என்று சொன்னார்கள். மரி என்றதும் பெண் என்று எண்ணிப் பெண்கள் பக்கத்து அறையைத் தயார் செய்துவிட்டேன். வந்தவர் தாடி வைத்த, ஆறடி உயர லாரி டிரைவர். பெயரின் முன்பாதிதான் ஆணா பெண்ணா என்று சொல்லும். ழான்-மரி ஆண். மரி-பியேர் பெண். குளோத் என்ற பெயர் இருபாலாருக்கும் உண்டு என்பதால் ழான்-குளோத், மரி-குளோத் என்று முன்னால் ஒன்றைச் சேர்த்தால் சந்தேகம் தீர்கிறது. மரி-ஜோசே என்றாலும் பெண்தான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 200, 400 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற மரி-ஜோசே பெரெக்கை நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. பழைய காலத்துக்குப் போனால் இந்த விதியும் உடையும். 18ஆம் நூற்றாண்டுக் கவிஞர் மரி-ஜோசெப் ஷெனியே ஆண். ஆனால் அவர் எங்கள் இல்லத்துக்கு வரப்போவதில்லை.

பிரான்சில் வேலைக்கோ படிப்புக்கோ வருகிறவர்களுக்கு இந்தக் கூத்திலிருந்து நான் சேர்த்துவைத்தவற்றைச் சொல்கிறேன். நடுவில் இருக்கும் அந்தக் கோட்டுக்குப் பிரெஞ்சில் ‘த்ரே த்யூனியோன்’ என்று பெயர், சேர்த்துவைக்கும் கோடு. அது இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பெயர். ழான்-பாதிஸ்த்தை நீங்களாக ‘ழான்’ என்று சுருக்கிக் கூப்பிட்டால் செல்லமாகக் கூப்பிட்டதாக ஆகாது, வேறு ஒருவரைக் கூப்பிட்டதாகத்தான் ஆகும். சுருக்கமான பெயர்கள் இருக்கின்றன. ழான்-பாதிஸ்த்தை நண்பர்கள் எழுத்தைச் சொல்லி ‘ழி-பே’ என்பார்கள். ழான்-மிஷெல் ‘ழான்-மி’ ஆவார். மரி-ஜோசே ‘மரி-ஜோ’ ஆவாள். அதை அவர்களே சொல்லித் தரும்வரை காத்திருங்கள். அதுவரை மிசியே, மதாம் போட்டுக் குடும்பப் பெயர்தான். முதலெழுத்து போடும்போதும் கோடு உண்டு. ‘ஜே’ போட்டுப் புள்ளி, கோடு, ‘பி’ போட்டுப் புள்ளி. வெறும் ‘ஜே’ என்று போட்டதால்தான் பல இடங்களில் ஆள் மாறுகிறது. மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு எழுதும்போது கோடு உண்டா, புள்ளியா, ஒட்டியே எழுதுவதா என்று தனியாகக் கேளுங்கள். கணினியில் ஒருவரைத் தேடிக் கிடைக்கவில்லையென்றால் கோடு வைத்து ஒரு முறை, இடைவெளி விட்டு ஒரு முறை, ஒட்டி ஒரு முறை தேடிப் பாருங்கள். எங்கள் புது மென்பொருளில் இப்போதும் மூன்று முறை தேடித்தான் சிலரைக் கண்டுபிடிக்கிறோம்.

பாஸ்போர்ட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. போட்டோ பக்கத்தின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் இணைப்புக்கோட்டுக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக அம்பு முனை மாதிரியான நிரப்புக் குறி வரும். இரண்டு தனிப் பெயர்களுக்கு நடுவிலும் அதே குறிதான். ஆக இயந்திரத்துக்கு ழான்-பாதிஸ்த்தும், முதல் பெயர் ழான் இரண்டாம் பெயர் பாதிஸ்த் என்று இருப்பவரும் ஒன்றுதான். விமான டிக்கெட்டில் கோடு காணாமல் போய் ஒட்டி வந்தால் பதற வேண்டாம், அங்கேயும் கோட்டுக்கு இடமில்லை. ஆனால் அந்த டிக்கெட்டைப் பார்த்து இன்னொரு படிவத்தை நிரப்பாதீர்கள். எப்போதும் மேலே, மனிதர்கள் படிக்கும் வரியைப் பார்த்து எழுதுங்கள்.

குடும்பப் பெயரிலும் கோட்டுத் தகராறு நடந்திருக்கிறது. அப்பா, அம்மா இருவர் பெயரையும் குழந்தைக்கு வைக்கலாம் என்று 2005இல் நடைமுறை வந்தபோது, இந்தக் குழப்பம் வேண்டாம் என்று நடுவில் இரட்டைக் கோடு போடச் சொன்னார்கள். சட்டத்தில் இல்லாத கோட்டை ஒரு சுற்றறிக்கையால் திணிக்க முடியாது என்று 2009இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போது அங்கே வெறும் இடைவெளிதான். ஒரு கோட்டுக்காக நாட்டின் பெரிய நீதிமன்றம் வரை போகிறவர்கள் இவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் நம் கிழவரின் கோபம் அதிகமாகத் தெரியாது.

இனி என் வீட்டு விஷயம். 2017இல் மகன் பிறந்தான். இங்கே குழந்தை பிறந்து ஐந்து நாளுக்குள் நகரசபையில், அதாவது ‘மெரி’யில், பதிய வேண்டும். நான் ஆஸ்பத்திரியில் இருந்ததால் கணவர் போனார். தாத்தா நினைவாக அருள், பள்ளியில் கூப்பிட வசதியாக ழான், இரண்டும் சேர்ந்து ழான்-அருள் என்று பேசிவைத்திருந்தோம். அருளைப் புதுச்சேரி வழக்கப்படி பிரெஞ்சு எழுத்தில் ‘ஓ, யு’ போட்டு எழுதுவது என்றும் முடிவு. முத்து, சுப்பிரமணி எல்லாருக்கும் எங்கள் ஊர்ப் பதிவேட்டில் அந்த ‘ஓ, யு’ உண்டு. கணவர் எல்லாவற்றையும் சரியாக எழுதிக் கொடுத்தார், கோட்டைத் தவிர. இடைவெளி விட்டு எழுதினார். பதிவேட்டில் இரண்டு தனிப் பெயர்களுக்கு நடுவில் காற்புள்ளி போடுவது விதி. எங்கள் பையன் ‘ழான், அருள்’ என்று பதிவானான். பள்ளியில் ழான். டாக்டரிடம் ழான். அருள் என்ற பெயர் குடும்பப் புத்தகத்தில் மட்டும் உயிரோடு இருந்தது. அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. ஒரு காற்புள்ளிதானே.

கிழவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. “ழான் என்றாலும் அருள், அருள் என்றாலும் ழான். உங்கள் மகன் பெயர் ழான்-ழான், மதாம்!” எங்களுக்கு ஏழு வருடமாக இது உறைக்கவில்லை.

ஆனாலும் மெரிக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். பிறப்புப் பதிவில் இருக்கும் எந்தப் பெயரையும் வழக்குப் பெயராக வைத்துக்கொள்ளலாம், சட்டத் தொகுப்பின் 57ஆம் பிரிவே அதைச் சொல்கிறது, பள்ளிக்கு ஒரு கடிதம் போதும். கோடு போட்டு இரண்டையும் ஒன்றாக்க வேண்டுமென்றால் அது பெயர் மாற்றம். 2016 நவம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு அதற்கு நீதிபதியிடம் போக வேண்டாம், மெரியிலேயே மனு கொடுக்கலாம். ஆனால் நியாயமான காரணத்தைக் காட்டித் தாள்கள் சேர்க்க வேண்டும், குழந்தைக்கு 13 வயது தாண்டியிருந்தால் அவன் சம்மதமும் வேண்டும். நாங்கள் எழுதிக் கொடுத்த தாளிலேயே கோடு இருந்து, அவர்கள் பதியும்போது விட்டிருந்தால் பிழைத்திருத்தமாக முடித்திருக்கலாமாம். எங்கள் தாளில் கோடு இல்லை. ஆகவே இங்கே குழந்தை பிறக்கப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெயரை வாயால் சொல்லாதீர்கள், பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள், கோடு வேண்டுமானால் கோட்டைத் தடிமனாகப் போடுங்கள், கையெழுத்துப் போடும் முன் காற்புள்ளியைத் தேடுங்கள்.

வீட்டில் பையனைக் கேட்டோம். ‘வகுப்பில் வேறு யாருக்கும் அருள் இல்லை, அதுதான் வேண்டும்’ என்றான். கடிதம் கொடுத்தாயிற்று. டீச்சர் ‘ஆரூல்’ என்று உருட்டுகிறாராம். பரவாயில்லை, நானும் பாப்திஸ்த் என்று இடித்தவள்தானே.

ஜூன் 24 வந்தது. பிரான்சில் பிறந்தநாள் தவிரப் பெயர்நாளும் உண்டு. வருடக் கடைசியில் தபால்காரர் வீடு வீடாகக் கொண்டுவரும் நாள்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புனிதர் இருப்பார். அந்தப் பெயருடையவர்களுக்கு அன்றைக்கு ‘பொன் ஃபெத்’ என்று வாழ்த்துவது வழக்கம். எங்கள் மனிதர் பிறந்ததே அந்த நாளில்தான். ஆகவே இரண்டும் ஒன்றாக வந்தது. கிராமங்களில் அந்தச் சமயம் சேன்-ழான் நெருப்பு மூட்டி ஆடுவார்கள். எங்களுக்கு மெழுகுவத்தி கொளுத்தவே அனுமதி கிடையாது. சமையலறையில் கத்தோ பத்தூ மட்டும் சொல்லிச் செய்ய வைத்தோம்.

அன்றைக்குத் தற்காலிக வேலைக்கு ஒரு பெண் வந்திருந்தாள். மென்பொருள் இன்னும் சரியாகாததால் சீட்டில் நானே கறுப்பு ஃபெல்ட் பேனாவால் கோட்டையும் பாதிஸ்த்தையும் எழுதிவைத்திருந்தேன். அவள் எதிர் அறைக்காரருடைய தட்டைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நின்று, “மிசியே ழான்?” என்று குரல் கொடுத்தாள். ஜன்னலோர மேசையில் ழான் கையைத் தூக்கினார். பக்கத்து மேசையில் இவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை, வெண்ணெய் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டிருந்தார்.